சரித்திரத்து வீடு

திங்கட்கிழமை என்றால் ஐடாவுக்குத் தலைவலி. ஏதோ லேசாக வலித்து ஒரு தூக்கத்தில் சரியாகிவிடுகிற தலைவலி அல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு படுத்தால், ராத்திரிக் களிக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

அவள் அம்மா பாக்கியவதி சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். வேப்பெண்ணெய் தடவினாள். அடுத்த வீட்டுப் பார்வதம்மா மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்து சுற்றிப் போட்டபோது, ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிற பாக்கியவதி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தான் பார்க்காதது தன் வீட்டில் நடக்கவில்லை என்பது அவள் கட்சி. மிளகாய் வெடித்து எல்லாரும் இருமியதுதான் மிச்சம்.

மெட்ரிகுலேஷன் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஏனோக் வாத்தியார் வேறு காரணம் சொன்னார். பெண்பிள்ளையின் மூளைக்கு மெட்ரிகுலேஷன் தாங்காதாம். திங்கட்கிழமையானால் அதே வகுப்புப் பையன்கள் ஜெயகரனுக்கும் தாமோதரனுக்கும் மண்டை பிளந்துகொண்டுதான் இருந்தது. அந்த இரண்டு மூளைகளைப் பற்றி வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு வாத்தியார் வேலை கொடுத்து, கையில் பிரம்பையும் கொடுத்தது யார் என்று கேட்க எனக்கு இன்றைக்கும் நாக்கு துடிக்கிறது.

சிவசமுத்திர அருவியிலிருந்து கம்பி இழுத்து, தங்க வயலுக்குக் கரண்டு வந்த மறு வருஷம் அது. கல் அரைக்கிற மில்லுக்கு வந்தது, சுரங்கத்துக்கு இறங்குகிற ஷாஃப்டுக்கு வந்தது, துரைமார் பங்களாவுக்கு வந்தது. ஸ்கெலட்டன் என்ற இடத்துப் பக்கம், கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் மட்டும் அதே மண்ணெண்ணெய்ச் சிமினிதான். மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய வீடுகள், வரிசை வரிசையாக. ஐப்பசித் தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காற்று திரும்பினால் தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைடு மண் மேட்டிலிருந்து நறநறவென்று தூசி வந்து களியில் விழும். மில் ஓடுகிற சத்தம் எப்போதும் இருக்கும். நின்றால்தான் ஜனங்கள் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

ஐடாவின் அப்பா சுந்தரராஜ் மருந்துக் கூலி. டைனமைட்டுக்கு அங்கே மருந்து என்று பெயர். கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டியைத் தோளில் சுமந்து போய், கேஜ் என்ற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, லெவல் லெவலாகக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. பாக்கியவதி மண் மேட்டில் கூடை சுமந்தாள். ஐடா பள்ளிக்குச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று பள்ளி நடத்தும் மிஷன் அம்மாள் சொல்லியிருந்தது அந்த டிசம்பர் வரைக்கும்தான். டிசம்பரில் பெங்களூர் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினால் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஃபெயிலானால் அம்மா பக்கத்தில் இன்னொரு கூடை. இரண்டுக்கும் நடுவே வேறு வழி இல்லை, இன்னொரு வருஷமும் இல்லை.

பாடப்புத்தகம் வாத்தியார் மேசைமேல் ஒன்று இருந்தது. கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் ரைட்டர், டிராயர் வீட்டுப் பையன்களிடம் சொந்தமாக இருந்தது. அவர்களுக்குப் பெங்களூரில் தைத்த நோட்டுப் புத்தகமும் உண்டு. ஐடா, ஜெயகரன், தாமோதரன் என்ற லைன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் வாத்தியார் வாயால் சொல்லும் நோட்ஸ்தான் கதி. அவர் சொல்வதோ மூச்சு விடாத வேகம். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொன்னால் அவர் கௌரவம் என்ன ஆவது?

அதற்கு மூன்று பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கல்லில் துளை போடும்போது ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இருவர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். அதே முறை. முதல் வாக்கியம் ஐடா எழுதுவாள். இரண்டாவது ஜெயகரன். மூன்றாவது திரும்ப ஐடா. வருஷம், கணக்கு, படம் எல்லாம் தாமோதரன். சாயங்காலம் ஐடா வீட்டில் கூடி, மூன்று பேர் எழுதியதையும் கோத்து ஒரு நல்ல பிரதி எடுப்பார்கள். சரித்திரத்துக்குச் சிவப்பு நூல், யூக்ளிட் என்ற வடிவக் கணக்குக்கு நீல நூல், பூகோளத்துக்குச் சணல் என்று கட்டுக் கட்டாகக் கட்டிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். யாருக்கு எது வேண்டுமோ அந்தக் கட்டை எடுத்துப் போய்ச் சனிக்கிழமை திருப்பிக் கொண்டுவர வேண்டும். ரைட்டர் வீட்டுப் பையன்களின் நோட்டைவிட அந்த ஆணிகளில் இருந்தது ஒழுங்காக இருந்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

காகிதம் சுந்தரராஜ் கொண்டு வந்தது. காலிப் பெட்டிக்குள் இருக்கும் பழுப்புக் காகிதத்தைக் கிடங்குப் பக்கத்திலேயே கொளுத்திவிட வேண்டும் என்பது சட்டம். சுந்தரராஜ் பாதியைக் கொளுத்தினார். பாதியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கேட்டில் சோதனை போடுகிறவன் தேடியது தங்கத்தை. காகிதத்தை எவன் தேடுவான்? கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, மை நிற்காது. பென்சிலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பாக்கியவதி வேலையிலிருந்து வந்தபோது ஒரு பாயில் மகள் படுத்திருந்தாள், மறு பாயில் புருஷன் படுத்திருந்தார். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அப்பனும் பொண்ணும் பேசி வெச்சிக்கினு படுத்தீங்களா? இன்னா, எனக்கு மட்டும் தல இல்லியா? எனக்குந்தான் வலிக்குது. படுக்க நேரம் ஏது?"

"கத்தாத பாக்கியம்," என்றார் சுந்தரராஜ், கண்ணைத் திறக்காமல். "மருந்து தூக்கறவனுக்குத் திங்கக்கெயம தலவலி வராம இன்னா வரும்? ஞாயித்துக்கெயம ஒரு நாளு தொடாம இருந்தா, மறுநாளு தொட்டதும் மண்டைய பொளக்கும். அப்பறம் பயகிடும். எல்லா மருந்துக் கூலிக்கும் இதே கததான்."

"ஒனக்கு சரி. நீ மருந்து தொட்ட. இவ இன்னாத்த தொட்டா?"

ஐடா மெல்லத் தலையைத் தூக்கி ஆணிகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் யாரும் பாடம் தொடுவதில்லை. சனிக்கிழமையே எல்லாக் கட்டும் திரும்பி வந்துவிடுவதால் பையன்களும் தொடுவதில்லை. திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் ஆளுக்கொரு கட்டாக எடுப்பார்கள்.

"நைனா," என்றாள். "அந்தக் காய்தம்."

சுந்தரராஜ் எழுந்து உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து விரலால் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு கட்டுகள் தொங்குகிற இடத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப்பாவி. மருந்து ஊறிக் கீது. இத்தினி நாளா அடுப்பாண்ட மாட்டி வெச்சிக் கீறோம்."

"நீதானய்யா கொண்டாந்த!"

"நாந்தான். படிக்கட்டும்னு கொண்டாந்தேன், சாகட்டும்னா கொண்டாந்தேன்?" என்று சொன்னவருக்கு அழுகை வந்துவிட்டது. பாக்கியவதி அவரைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டாள். பாவம், அந்த மனுஷன் பெண்ணுக்கென்று செய்த ஒரே திருட்டு அதுதான்.

விஷயம் தெரிந்து ஜெயகரனும் தாமோதரனும் ஓடி வந்தார்கள். கொளுத்துவதென்று முடிவாயிற்று. கொளுத்தினால் ஒரு வருஷப் படிப்பு போச்சு. வேறு காகிதம் வாங்கக் காசில்லை, சிலேட்டில் எழுதினால் எவ்வளவு அடங்கும்? ரைட்டர் வீட்டுப் பையன்களிடம் ஜெயகரன் நோட்டைக் கேட்டுப் பார்த்தான். வீட்டில் திட்டுவார்கள் என்றான் ஒருவன். ஏன், உங்கள் காகிதம் என்ன ஆச்சு என்று சிரித்தான் இன்னொருவன்.

பாக்கியவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய சொவுரு நிக்கிது. இதுல எய்துனா இன்னா?"

"கம்பெனி சொவுருமா," என்றாள் ஐடா.

"கம்பெனிக்கு வெளிப்பக்கம். உள்பக்கம் நாம இருக்கற பக்கம். எடு கரிய."

ஒரு வாரம் அந்த வேலை நடந்தது. கட்டுகளை வீட்டுக்கு வெளியே வேலியில் தொங்கவிட்டு, ஒருவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அங்கிருந்து சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் உள்ளே கரியால் எழுதினார்கள். ஜெயகரன் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி படித்தான். ஒரு வீட்டுச் சுவர் போதவில்லை. சரித்திரமும் இங்கிலீஷும் ஐடா வீட்டில். யூக்ளிடும் அல்ஜீப்ராவும் தாமோதரன் வீட்டில், அதாவது பார்வதம்மா வீட்டில். பூகோளம் ஜெயகரன் வீட்டில். எழுதி முடித்ததும் சுந்தரராஜ் கட்டுகளை மைதானத்துக்குக் கொண்டு போய், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கொளுத்தினார். தீ குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது. அடுத்த திங்கட்கிழமை மூன்று பேருக்கும் தலைவலி இல்லை. பெண்பிள்ளை மூளை எப்படித் திடீரென்று தாங்கத் தொடங்கியது என்று ஏனோக் வாத்தியாரை யாரும் கேட்கவில்லை.

பிறகு லைனில் பேச்சே மாறிவிட்டது. "பூகோளத்து வூட்ல மொறம் இருக்குதா கேளு" என்றார்கள். "சரித்திரத்து வூட்ல இன்னிக்குக் கொள்ளுச் சாறு, வாசன தூக்குது" என்றார்கள். சாயங்காலமானால் மூன்று பேரும் சிமினியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். மண் சுவரில் கரி மங்கலாகத்தான் தெரியும். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று படிக்க வேண்டும். தாமோதரனின் அப்பா ராத்திரி ஷிஃப்டுக்காரர், யூக்ளிடுக்குக் கீழேதான் தூங்குவார். அவர் குறட்டையோடு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பாதி நிரூபணம் அவர் தலைக்குப் பின்னால் போய்விடும். "நைனா, கொஞ்சம் பொரளு" என்பான் தாமோதரன். அவர் தூக்கத்திலேயே புரண்டு படுப்பார்.

வயசுப் பெண் வீடு வீடாகப் போகிறாள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பார்வதம்மா தண்ணீர்க் குழாயடியில் வைத்தே அவளைப் பிடித்துக்கொண்டாள். "எம் மருமவளா வரப்போறா, போதுமா? இல்ல, எம் மவனுக்கு வாத்திச்சியா வரப்போறா. எதுன்னு பரிச்ச முடிஞ்சி சொல்றேன், அதுவரிக்கும் கொடத்த நவுத்து." அதோடு அந்தப் பேச்சு அடங்கிற்று.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது லைன் மேஸ்திரி சகாயம் வந்தான். குடியாத்தத்துக்காரன், நம்ம ஜனம்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மேலே இருக்கிறவனைக் கண்டால் நடுங்குவான், அந்த நடுக்கத்தைக் கீழே இருக்கிறவர்கள்மேல் இறக்கி வைப்பான். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவனுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு நின்றார்கள்.

"பாக்கியம், சாமானெல்லாம் ஒதுக்கு. சுண்ணாம்பு அடிக்கணும். பெங்களூர்ல மறுபடி பிளேக்காம். சனிக்கெயம தொர வந்து ஒவ்வொரு வூடா பாக்கறாரு."

"அடிண்ணே. வெளிய அடி, தாராளமா அடி. உள்ள மட்டும் பரிச்ச முடியட்டும். நானே அடிச்சிக்கறேன்."

"உள்ளயும் வெளியயும்னு ஆர்டரு." சகாயம் எட்டிப் பார்த்தான். தரையிலிருந்து கூரை வரைக்கும் கரி எழுத்து. "இன்னாம்மா இது? வூடா, சுடுகாட்டு மண்டபமா? கம்பெனி சொவுத்துல கிறுக்க யாரு பர்மிஷன் குடுத்தா?"

"கிறுக்கலு இல்லண்ணே. எம் பொண்ணு பாடம்."

"பொட்டப்புள்ளைக்கு இன்னா பாடம்? நாளிக்கு மண்ணு தூக்கத்தான போறா?"

பாக்கியவதி வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள். ஒரு கை இந்தப் பக்கத்துக் கம்பத்தில், ஒரு கை அந்தப் பக்கத்துக் கம்பத்தில்.

"நீ இன்னா சொன்ன, திருப்பிச் சொல்லு."

"எனக்கு இன்னாம்மா, சட்டம்..."

"மூணு வாரம் கேட்டேன். முப்பது வருசமா கேட்டேன்? எம் புருசன் எட்டு வருசமா தோள்ல சாவ தூக்கிக்கினு எறங்கறான். அதுக்குக் கூலி வாங்கனோம், செரி. இந்த மூணு வாரம் அந்தக் கணக்குல வராது, எனக்குத் தெரியும். இது நான் கேக்கறது. ஒரு தாயி கேக்கறேன்."

"வூட்ட காலி பண்ணச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"பண்றேன். சொவுத்தயும் பேத்து எடுத்துக்கினு போறேன். தட்டிதான, நாலு பேரு புடிச்சா வந்துடும்."

வாளி பிடித்த ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சகாயம் அவனை முறைத்தான். அதற்குள் பார்வதம்மாவும் ஜெயகரன் அம்மா லூயிசாவும் அவரவர் வாசலில் அதேபோல உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சகாயம் வெளிச்சுவரை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனான். போகிறபோது ஒன்றும் பேசவில்லை. பேசாமல் போகிற மேஸ்திரியை நம்பக் கூடாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, அந்த வாரம் பகல் ஷிஃப்டுக்கு மாறியிருந்த தாமோதரன் அப்பா உட்பட ஆண்கள் பூமிக்கு அடியிலும் பெண்கள் மண் மேட்டிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்த நேரத்தில் அவன் ஆள் கூட்டி வந்தான். பூட்டு என்று லைனில் யார் வீட்டுக்கு இருந்தது?

ஐடாதான் முதலில் வந்தாள். உள்ளே காலை வைத்ததும் சுண்ணாம்பு நெடி முகத்தில் அடித்தது. நாலு சுவரும் வெள்ளை. டியூடர் ராஜாக்கள் இல்லை, ஸ்டூவர்ட் ராஜாக்கள் இல்லை, பிளாசி யுத்தம் இல்லை. தாமோதரன் ஓடி வந்து, அவன் வீட்டிலும் அப்படியே என்றான். ஜெயகரன் வரவே இல்லை. தன் வீட்டு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஐடா பாயை விரிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பாக்கியவதி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்; எந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திலும் அது மன்னிக்கப்படாது. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். அடுப்பில் முழு விறகை வைத்து ஊதினாள்.

"நான் பரிச்சைக்குப் போவலமா," என்றாள் ஐடா. "திங்கக்கெயமலேருந்து ஒங்கூட வரேன். கூட எடுத்து வெய்யி."

"செரி, வா. அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு. அடுப்புக்கு மேல, களி கிண்டும்போது எங் கண்ணுக்கு நேரா, ஏணியாட்டம் ஒண்ணு இருந்துதே. அது இன்னா?"

"இங்கிலாந்து ராஜாங்களோட பேரு." ஐடா மூக்கை உறிஞ்சினாள். "இப்ப எதுக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெனம் அத்தயே பாத்துக்கினு கிண்டனேன். இன்னா பேருன்னாவது தெரிஞ்சிக்கறேன். சொல்லு."

ஐடா எரிச்சலோடு சொல்லத் தொடங்கினாள். ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட். வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னாள். நடுவில் நிற்காமல் கடைசி வரைக்கும் சொன்னாள்.

"தண்ணிப் பானை பக்கத்துல? பெருசா எய்தி, கீய ரெண்டு கோடு போட்டுக்கினு?"

"மாக்னா கார்ட்டா." ராஜாவை மடக்கி வாங்கிய அந்த உரிமைச் சாசனம் என்ன, எப்போது, ஏன் என்று அதையும் சொன்னாள்.

"கதவுக்குப் பின்னால? ஒங்க நைனா சட்ட மாட்டுவாரே, சட்டைக்கு அடியில மறைஞ்சிக்கினு கெடக்குமே?"

ஐடா கதவைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் ஒன்றுமே இல்லை. அவளோ சட்டையை விலக்கிப் பார்க்கிறவள்போல் தலையைச் சாய்த்தாள். "பிளாசி யுத்தம்," என்றாள். "அதுக்குக் கீய வந்தவாசி. கடைசி வரி எடமில்லாம மடிச்சி எய்துனேன்." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. "அம்மா, எல்லாம் கீதுமா. எந்த எடத்துல எதுன்னு தெரியுது."

"தெரியாம இன்னா? ஆறு வாரமா மூக்க வெச்சித் தேச்ச." பாக்கியவதி மறுபடி சுவரைத் தொட்டாள். இந்தத் தடவை கையில் வெள்ளை ஒட்டியது, ஈரம் ஒட்டவில்லை. "டேய் தாமோதரா, அந்த ஜெயகரனை எயுப்பிக் கூட்டியா. தலையில கை வெச்சது போதும், கரியில கை வெக்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க மூன்று வீடுகளிலும் எழுத்து ஏறியது. ஒருத்தர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுத்தார்கள். மண் சுவரில் மங்கலாகத் தெரிந்த கரி, சுண்ணாம்பின்மேல் கன்னங்கரேலென்று நின்றது. சிமினியைக் கிட்டே கொண்டு போகவே வேண்டியிருக்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டே ஹென்றிகளை எண்ணலாம்.

மறுநாள் துரை வருகிற நாள் என்று சகாயம் காலையிலேயே லைனைச் சுற்ற வந்தான். சரித்திரத்து வீட்டு வாசலில் நின்றவன் உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். கூரை ஓரத்தில் எட்டாத இடத்துக்குப் பெட்டிமேல் ஏறி ஐடா எழுதிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாக்கியம்! இன்னாடி இது? இன்னும் ஒரு மணி நேரத்துல தொர வந்துருவாரு. நான் இன்னாத்தச் சொல்றது?"

பாக்கியவதி களித் துடுப்பைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தாள். பக்கத்து வாசல்களில் பார்வதம்மாவும் லூயிசாவும் வந்து நின்றார்கள்.

"சுண்ணாம்பு அடிச்சாச்சான்னு கேப்பாரு. அடிச்சாச்சுன்னு சொல்லு. உள்ளயும் அடிச்சி, வெளியயும் அடிச்சி, நீயேதான் நின்னு அடிச்ச. சொவுத்துல எய்தக் கூடாதுன்னு ஒன் ஆர்டர்ல இருந்தா அந்தக் காய்தத்தக் கொண்டா. இங்கிலீஷ்லதான் இருக்கும். எம் பொண்ணு படிச்சிச் சொல்லுவா."